மூன்று அதிகாரம் முடித்தும் மனம் ஏன் வறண்டிருக்கிறது?

கேள்வி: எனக்கு 34 வயது. இரண்டு பிள்ளைகள், வேலைக்கும் போகிறேன். ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் ஆதியாகமத்தில் ஆரம்பித்து நாளுக்கு மூன்று அதிகாரம் வாசிக்கிறேன். பிப்ரவரியைத் தாண்டுவதே இல்லை. வாசிக்கிற நாட்களிலும் கடமை முடிந்தது என்ற நிம்மதிதான் வருகிறது, சந்தோஷம் வருவதில்லை. வீட்டில் தனியாக வேதம் வாசித்து மகிழ்வதும் ஆவியில் வளர்வதும் எப்படி? பிள்ளைகளை எப்படிப் பழக்குவது?

பதில்: சகோதரி, முதலில் உங்கள் கணக்கைப் பார்ப்போம். வேதாகமத்தின் 66 புத்தகங்களில் மொத்தம் 1189 அதிகாரங்கள். 365 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு மூன்றுக்குக் கொஞ்சம் மேலே வரும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. ஆக 90 அதிகாரம், 30 நாள். ஜனவரி 31 காலையில் நீங்கள் லேவியராகமத்தின் சர்வாங்க தகனபலியில், அதாவது முழுவதும் எரிக்கப்படும் பலியின் விதிகளில், நிற்பீர்கள். அதற்கு முந்தைய ஒரு வாரமும் பெரும்பாலும் இஸ்ரவேலரின் ஆராதனைக் கூடாரமாகிய ஆசரிப்புக் கூடாரத்தின் பலகை, பாதம், கொளுவி, திரை என்று அளவுகளாகவே போயிருக்கும். சமையலுக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புவதற்கும் நடுவே கிடைத்த இருபது நிமிஷத்தில், வழிகாட்ட ஒருவரும் இல்லாமல், அந்த அளவுகளுக்குள் யார் போனாலும் திணறத்தான் செய்வார்கள். பிப்ரவரியில் நின்றுபோவதற்கு உங்கள் பக்தி குறைந்ததுதான் காரணம் என்று நினைக்கவே வேண்டாம். எங்கள் சபையில் 22 வருஷமாகப் பெண்களுக்கு வேதபாடம் எடுக்கிறேன். இதே இடத்தில் நின்றுபோனதாக என்னிடம் சொல்லி அழுதவர்கள் பலர்.

சந்தோஷம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு வேதத்திலேயே நேரான பதில் இருக்கிறது. நெகேமியா 8ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எருசலேமின் தண்ணீர் வாசலுக்கு முன்னே ஜனங்கள் கூடியிருக்கிறார்கள். எஸ்றா காலையிலிருந்து மத்தியானம் வரை நியாயப்பிரமாணத்தை வாசிக்கிறார். லேவியர் அர்த்தம் சொல்கிறார்கள். ஜனங்கள் முதலில் அழுகிறார்கள். அப்புறம்தான் 12ஆம் வசனம் வருகிறது: தங்களுக்கு அறிவிக்கப்பட்ட வார்த்தைகளை "உணர்ந்துகொண்டபடியால்" புசித்துக் குடித்து மிகுந்த சந்தோஷம் கொண்டாடப் போனார்கள். எத்தனை அதிகாரம் வாசிக்கப்பட்டது என்ற கணக்கு அங்கே இல்லை. உணர்ந்துகொண்டார்கள், அதனால் மகிழ்ந்தார்கள், அவ்வளவுதான்.

அப்போஸ்தலர் 8இல் வரும் எத்தியோப்பிய மந்திரியும் அப்படித்தான். எருசலேமுக்குப் போய்ப் பணிந்துகொண்டுவிட்டு, திரும்பும் வழியில் இரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசிக்கிறார். அவர் வாசிப்பது வெளியே ஓடிவருகிற பிலிப்புவின் காதில் விழுகிறது. அப்படியென்றால் சத்தமாக வாசித்திருக்கிறார். பயணம் முழுவதும் வாசித்தது எவ்வளவு என்று நமக்குச் சொல்லப்படவில்லை. அவர் நின்ற இடம் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது: அடிக்கப்படும்படி கொண்டுபோகப்பட்ட ஆட்டைப்போல என்ற அந்தச் சில வரிகள். "இது யாரைப் பற்றி?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி திறந்துவிட்ட வாசலில் அவர் வாழ்க்கையே மாறி, "சந்தோஷத்தோடே தன் வழியே போனான்" என்று முடிகிறது.

அதனால் நான் சொல்ல வருவது ஒன்றுதான். அளவைக் குறையுங்கள், புரிதலைக் கூட்டுங்கள். சந்தோஷத்தை நீங்கள் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை, புரிந்ததன் பின்னால் அது தானே வரும். இதை வெறும் தத்துவமாக விட்டுவிடாமல் ஒரு புத்தகத்தை வைத்தே காட்டுகிறேன்.

பிலிப்பியருக்கு எழுதின நிருபத்தை எடுங்கள். நான்கே அதிகாரம், 104 வசனம். சத்தமாக வாசித்தாலும் இருபது நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். முதல் நாள் நடுவில் நிறுத்தாமல் முழுவதையும் வாசியுங்கள். இது ஒரு கடிதம். வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தால் இன்றைக்கு முதல் பத்தி, நாளைக்கு இரண்டாம் பத்தி என்றா வாசிப்போம்? புரியாத இடம் வந்தால் விட்டுவிட்டு மேலே போங்கள். முடித்ததும் மூடி வைத்துவிட்டு, எழுதியவர் எங்கே இருக்கிறார், யாருக்கு எழுதுகிறார், என்ன மனநிலையில் எழுதுகிறார் என்று மட்டும் யோசியுங்கள். "என் கட்டுகள்" என்று முதல் அதிகாரத்திலேயே திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்திருப்பீர்கள். பவுல் சிறையிலிருந்து எழுதுகிறார். அந்தக் கடிதத்தின் கிரேக்க மூலத்தில், சந்தோஷம், சந்தோஷப்படுதல், கூடச் சந்தோஷப்படுதல் ஆகிய சொற்கள் எல்லாம் சேர்ந்து 16 முறை வருகின்றன. உங்கள் தமிழ் வேதாகமத்தில் ஒரு பென்சிலால் "சந்தோஷம்", "மகிழ்ச்சி" வருகிற இடங்களையெல்லாம் வட்டமிட்டுப் பாருங்கள். பக்கமே வட்டமாகிவிடும்.

இரண்டாம் நாள் அப்போஸ்தலர் 16ஐ வாசியுங்கள், ஏனென்றால் பிலிப்பி சபை பிறந்த கதை அங்கேதான் இருக்கிறது. ஆற்றங்கரையில் ஜெபிக்கக் கூடியிருந்த பெண்கள், இரத்தாம்பரம் விற்கிற லீதியாள், நடுராத்திரியில் சிறைக்குள் கேட்ட பாட்டு, பூமியதிர்ச்சி, தன்னைக் கொன்றுகொள்ளப் போன சிறைச்சாலைக்காரன். இதை வாசித்துவிட்டு மறுபடி நிருபத்துக்கு வந்தால், சிறையில் இருந்துகொண்டு சந்தோஷமாயிருங்கள் என்று எழுதுகிற மனுஷனை அந்த ஊர்க்காரர்கள் ஏன் நம்பினார்கள் என்று தெரியும். அவர் சிறைக்குள் பாடியதை அந்த ஊர்ச் சிறையிலிருந்த மற்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். அந்தச் சிறைச்சாலைக்காரனும் அந்தச் சபையில்தான் உட்கார்ந்து இந்தக் கடிதத்தைக் கேட்டிருப்பான் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

அதற்குப் பிறகு நாளுக்கு ஐந்தாறு வசனம் போதும்.

நான்காம் அதிகாரத்துக்கு வரும்போது கவனியுங்கள். "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்ற 4ஆம் வசனம் நம்மில் பலருடைய வீட்டுச் சுவரில் காலண்டராகத் தொங்குகிறது. அதற்கு இரண்டு வசனம் முன்னால் என்ன இருக்கிறது? எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள். இருவரும் சுவிசேஷ வேலையில் பவுலோடு சேர்ந்து பாடுபட்டவர்கள். இப்போது இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. இருவரையும் பெயர் சொல்லி, ஒரே சிந்தையாயிருங்கள் என்கிறார். அந்தக் கடிதம் சபை நடுவே வாசிக்கப்பட்டபோது அந்த இருவரும் எங்கே உட்கார்ந்திருந்தார்களோ! அதை எழுதின மை காய்வதற்குள் அடுத்த வரி: எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள். சண்டை, சிறை, பிலிப்பி சபை பவுலுக்கு உதவியாக அனுப்பி, சாகும் அளவுக்கு வியாதிப்பட்டுத் தேறின எப்பாப்பிரோதீத்து, இவ்வளவுக்கும் நடுவில்தான் அந்த வசனம் நிற்கிறது. காலண்டரில் தனியாகப் பார்த்தபோது அது எனக்கு ஒரு நல்ல வாழ்த்தாக மட்டும் இருந்தது. கடிதத்துக்குள் வைத்துப் பார்த்த நாளில், இது என் வீட்டுக்கும் பொருந்தும் என்று நம்ப முடிந்தது.

அதே அதிகாரத்தின் 13ஆம் வசனமும் அப்படித்தான். "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதைப் பரீட்சை நேரத்தில் பிள்ளைகளின் மேஜையில் ஒட்டுகிறோம். தப்பில்லை. ஆனால் முந்தின இரண்டு வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள்: "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன். தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்." பவுல் பேசுகிற அந்த "எல்லாவற்றிலும்" பசியும் குறைவும் உண்டு. மார்க் குறைந்துபோன பிள்ளைக்கும் அப்போது அந்த வசனம் உதவும். "மனரம்மியம்", எவ்வளவு அழகான சொல்! மனம் நிறைந்து அமைதியாயிருப்பது. அதைவிட எனக்குப் பிடித்தது "கற்றுக்கொண்டேன்" என்ற சொல். அப்போஸ்தலனுக்கே அது ஒரே நாளில் வரவில்லை, பழகித்தான் வந்திருக்கிறது. ஆவிக்குரிய வளர்ச்சி என்று நீங்கள் கேட்டீர்களே, அதன் இன்னொரு பெயர் இதுதான்.

இப்போது வாசிக்கும் விதத்தைப் பற்றி. சத்தமாக வாசியுங்கள். பக்கத்து வீட்டுக்குக் கேட்க வேண்டாம், உங்கள் காதுக்குக் கேட்டால் போதும். முதல் சங்கீதத்தில் "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன்" என்று இருக்கிறதல்லவா, அங்கே வருகிற எபிரெயச் சொல் "ஹாகா". வாய்க்குள் முணுமுணுப்பது என்று பொருள். இரையைப் பிடித்த சிங்கம் அதன்மேல் உறுமுவதற்கு ஏசாயா 31இலும், புறாவின் முனகலுக்கு ஏசாயா 38இலும் அதே சொல்தான். கண்ணை மூடி மனதை வெறுமையாக்குவதைத் தியானம் என்று நினைத்துக்கொண்டு நம்மில் சிலர் பயந்து ஒதுங்குகிறோம். சங்கீதக்காரன் சொல்லும் தியானம், ஒரு வசனத்தை வாயில் போட்டு நாளெல்லாம் அசைபோடுவது. மாடு அசைபோடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கமே தேவையில்லை.

சத்தமாக வாசிக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம்மில் பெரும்பாலோர் கையில் இருக்கும் பழைய திருப்புதல் என்ற மொழிபெயர்ப்பு, ஹென்றி பவரின் தலைமையில் 1871இல் வந்தது. அதற்கு முன்பே ஃபபிரிசியஸ் செய்த மொழிபெயர்ப்பின் சாயலும் அதில் இருக்கிறது. அதற்கும் முன்னால், 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கின சீகன்பால்க் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு அந்த ஊரிலேயே 1714–15இல் அச்சானது. நம் வீட்டுக்குள் நம் மொழியில் வேதம் வந்ததற்கு இப்படி 300 வருஷத்துக்கு மேல் உழைப்பு இருக்கிறது. அந்த மொழி கண்ணால் ஓட்டி வாசிக்கும் மொழி அல்ல. "ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும் வேண்டுதலினாலும்" என்பதைக் கண்ணால் பார்த்தால் நீளமாக இருக்கும். வாயால் சொன்னால் எங்கே மூச்சு விட வேண்டும் என்று அதுவே சொல்லித்தரும். அப்படியும் பொருள் பிடிபடாவிட்டால், 1995இல் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் சங்கீதம் "திருப்பாடல்கள்" என்றும், ஆதியாகமம் "தொடக்க நூல்" என்றும் இருக்கும். கொஞ்சம் பழகினால் போதும். ஒரு மொழிபெயர்ப்பில் மூடியிருந்த வசனம் இன்னொன்றில் திறந்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பக்கம் பக்கமாக எழுத வேண்டாம், நாளுக்கு ஒரு வரி போதும். அந்த வரி உங்கள் சொந்தத் தமிழில் இருக்கட்டும். வசனத்தை அப்படியே பார்த்து எழுதினால் கைதான் வேலை செய்யும். "இன்றைக்கு இதிலிருந்து எனக்குப் புரிந்தது இது" என்று உங்கள் வார்த்தையில் எழுதப் போகும்போதுதான் புரிந்ததா இல்லையா என்று தெரியும். புரியாத நாளில் கேள்வியை எழுதி வையுங்கள். மந்திரி கேட்டதுபோல. அதை ஞாயிற்றுக்கிழமை போதகரிடமோ, உங்களைவிட மூத்த ஒரு விசுவாசியிடமோ கேளுங்கள். வீட்டில் தனியாக வாசிப்பது சபையை விட்டுத் தனியாகப் போவதற்கு அல்லவே.

வாக்குத்தத்த வசனங்களைப் பற்றி ஒரு வார்த்தை. புதுவருஷ ஆராதனையில் வாக்குத்தத்த வசனம் எழுதின ஒரு அட்டையை எடுப்பது நமக்கெல்லாம் பிரியமான வழக்கம். நானும் எடுப்பேன். ஆனால் அந்த வசனம் எந்தப் புத்தகத்தில், யாருக்கு, எப்போது சொல்லப்பட்டது என்று வீட்டுக்கு வந்து அந்த அதிகாரத்தை முழுவதும் வாசிக்காமல் விடமாட்டேன். எரேமியா 29:11 பலருக்கு வருகிற வசனம்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இது பாபிலோனுக்குச் சிறையாய்க் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பின கடிதம். 10ஆம் வசனத்தில் 70 வருஷம் என்று இருக்கிறது. 5ஆம் வசனத்தில் வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டி அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள் என்று இருக்கிறது. அதாவது, காத்திருக்கும் காலம் நீளமானது, அதற்குள் வாழுங்கள் என்கிறார். இதைத் தெரிந்துகொண்டால் வாக்குத்தத்தத்தின் இனிப்பு குறைந்துவிடுமோ என்று ஒரு சகோதரி கேட்டார்கள். எனக்கு அது பத்து மடங்கு ஆனது. ஏனென்றால் என் பிரச்சினைகளும் டிசம்பருக்குள் தீருகிற பிரச்சினைகள் அல்ல.

வறண்ட நாட்கள் வரும். எல்லா நாளும் இருதயம் கொழுந்துவிட்டு எரியாது, எம்மாவூருக்குப் போன சீஷர்களுக்கே, இயேசு வேதத்தை விளக்கிக் காட்டியபோது, அது வழியில் ஒருநாள் நடந்தது. என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று வாரம் என்னால் பிலிப்பியரையோ வேறெதையோ வாசிக்க முடியவில்லை. "சந்தோஷமாயிருங்கள்" என்ற வரியைப் பார்த்தாலே தொண்டை அடைத்தது. அப்போது 13ஆம் சங்கீதம் கிடைத்தது. ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிறார் தாவீது. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர். வார்டு வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் யாரோ டீ ஆற்றிக்கொண்டிருக்க, அதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். கடவுளிடம் இப்படியும் பேசலாம் என்று வேதமே எனக்கு அனுமதி கொடுத்தது போலிருந்தது. அந்தச் சங்கீதம் பாட்டில்தான் முடிகிறது, ஆனால் நான் பல நாட்கள் அந்தக் கடைசி வசனம் வரை போகவில்லை. போகாமல் நின்றதற்காக ஒருவரும் என்னைக் கண்டிக்கவில்லை. பாட்டு வரை போக முடியாதவர்களுக்காகவே 88ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது. சங்கீதங்களை அடுத்தடுத்து நாளுக்கு ஒன்றாக மற்ற வாசிப்போடு சேர்த்துக்கொள்ளுங்கள். சந்தோஷத்துக்கு மட்டுமல்ல, எல்லா மனநிலைக்கும் அங்கே வார்த்தை இருக்கிறது.

வளர்கிறோமா என்று எப்படித் தெரியும்? வாசித்து முடித்ததும் உள்ளே ஏற்படுகிற உணர்ச்சியை வைத்து அளக்காதீர்கள். கேட்கிறவர்களாய் மாத்திரமல்ல, அதின்படி செய்கிறவர்களாயும் இருங்கள் என்று யாக்கோபு சொல்வது அதற்காகத்தான். என் கணவரின் அக்காவும் நானும் ஒரு நகை விஷயத்தில் இரண்டு வருஷம் பேசாமல் இருந்தோம். கல்யாண வீடுகளில் எதிரெதிரே வந்தால் திரும்பிக்கொள்வோம். அந்த இரண்டு வருஷமும் நான் தவறாமல் வேதம் வாசித்தேன், வேதபாடமும் எடுத்தேன். பிலிப்பியர் 4:2இல் ஐந்து நாள் நின்றுவிட்டேன். நோட்டில் எழுத வேண்டிய ஒரு வரி வரவேயில்லை. ஆறாம் நாள் "சிந்திகேயாள் நான்தான்" என்று எழுதினேன். அன்று மத்தியானம் அண்ணிக்குப் போன் போட்டேன். முதல் நிமிஷம் இருவருக்கும் பேச்சு வரவில்லை. அப்புறம் அவர்கள், "சாப்பிட்டியா?" என்றார்கள். அந்த வாரம் நான் வாசித்தது மொத்தம் ஒரே வசனம். அதைப்போல் சந்தோஷமான வாரம் என் வாசிப்பில் அதற்கு முன் இருந்ததில்லை.

நேரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள் என்று தெரிகிறது. அதிகாலை நல்லது, இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து ஜெபித்தார் என்று மாற்கு 1:35இல் இருக்கிறது. ஆனால் கைக்குழந்தை வைத்திருந்த வருஷங்களில் எனக்கு மத்தியானம் குக்கர் விசில் வரும் இடைவெளிதான் இருந்தது. நேரம் எதுவானாலும் இடத்தை மாற்றாதீர்கள். அதே நாற்காலி, அதே ஜன்னல். போனில் வாசித்தால் நடுவில் ஏதாவது செய்தி வந்து இழுத்துக்கொண்டு போய்விடும், அதனால் அச்சுப் புத்தகமே மேல். திறக்கும் முன் நீளமாக ஜெபிக்க வேண்டாம். 119ஆம் சங்கீதத்தின் 18ஆம் வசனம் ஒன்றே போதும்: "உமது வேதத்திலுள்ள அதிசயங்களை நான் பார்க்கும்படிக்கு, என் கண்களைத் திறந்தருளும்." முடிக்கும்போது, எழுதின அந்த ஒரு வரியையே ஜெபமாகச் சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள்.

பிலிப்பியருக்கு ஒரு மாதம் கொடுங்கள். அடுத்து மாற்கு, 16 அதிகாரம்தான். முடிந்தால் ஒரு விடுமுறை நாளில் ஒரே மூச்சாக வாசித்துவிட்டு, அப்புறம் மெதுவாகத் திரும்பி வாருங்கள். அடுத்து ரூத். பிறகு ஆதியாகமத்தைக் கதையாக, யாத்திராகமத்தை 20ஆம் அதிகாரம் வரை. லேவியராகமத்தை எபிரெயர் நிருபத்தோடு ஜோடி சேர்த்து வாசியுங்கள், பலிகளும் ஆசாரியரும் எதற்கு என்று அங்கே வெளிச்சம் கிடைக்கும். வருஷத்துக்குள் வேதம் முழுவதையும் முடிக்கும் திட்டம் தப்பு என்று நான் சொல்லவில்லை. ஊரின் வரைபடத்தைப் பார்க்க அது உதவும். ஆனால் ஊரில் குடியிருந்து பழக இந்த வழிதான்.

பிள்ளைகளை எப்படிப் பழக்குவது என்று கேட்டிருந்தீர்கள். "போய் பைபிள் எடு" என்று சொல்லிச் சொல்லி நான் தோற்றதுதான் மிச்சம். அவர்கள் பக்கத்தில் விளையாடும்போது நான் சத்தமாக வாசிப்பதை மட்டும் விடவில்லை. என் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. பிலிப்பியர் நான்காம் அதிகாரத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். தரையில் கார் ஓட்டிக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கி, "அந்த ரெண்டு பேரும் ஏம்மா காய் விட்டாங்க?" என்றான். ஏன் என்று எழுதியிருக்கவில்லை என்றேன். "அப்புறம் பழம் விட்டாங்களா?" அதுவும் எழுதியிருக்கவில்லை என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "நீங்களும் அத்தையும் விட்ட மாதிரி விட்டிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி காரை ஓட்ட ஆரம்பித்தான்.